படியெல்லாம் எங்கே போகுது?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. ஐம்பது, அறுபது ஜோடி இருக்கும். ரப்பர் செருப்பு, கோலாப்பூரி, குதிகால் தேய்ந்தது, நடந்தால் பீப்பீ என்று கத்தும் குழந்தை ஷூ. மால் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் தட்டில்தான் இருந்தது.

ஜனங்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே தரை அப்படி. குனிந்து பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் லட்சுமி ரோட்டுப் புடவைக் கடைக்குப் போனால், வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றுவோம் இல்லையா? அப்படிக் கழற்றிப் பழகிய கால்கள். முதலில் ஒருவர் கழற்றினார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்துக் கழற்றினார். அப்புறம் கேட்க வேண்டுமா!

அந்தக் குவியலில் ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். பழுப்புத் தோல். இடது கால் பெருவிரல் வளையத்தில் மட்டும் சிவப்பு நூல் தையல். எங்கள் வீட்டருகே கோர்படி ரயில்வே கேட் பக்கம் உட்காரும் செருப்பு தைப்பவர், கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதென்று சிவப்பில் தைத்துக் கொடுத்திருந்தார். அதற்காக அம்மா அவரோடு பத்து நிமிஷம் சண்டை போட்டாள்.

அப்படியானால் அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

விமான் நகரில் இருந்த அந்த மாலைப் போன மாதம் மூடிவிட்டார்கள். திறந்த நாள் முதல் மூடிய நாள் வரை அங்கேதான் என் பிழைப்பு. மூடுவதற்குள் அம்மாவை ஒரே ஒரு தடவை உள்ளே கூட்டிப்போய்விட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். திறந்த அன்று வந்தவள், அதற்குப் பிறகு பதினேழோ பதினெட்டோ வருஷம் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

கை பிடிக்கிற உத்தியோகம்

ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இவ்வளவு கோபக்காரியா நீங்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம் தாயே. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். இந்தக் கதையில் ஒரே ஒரு நாள் அது வர வேண்டிய இடத்தில் வரவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த மராத்தி ஊருக்கு வந்து, கோர்படியில் ரயில்வே ஃபிட்டர் ஆனவர். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வரப்போகும் மாலுக்கு நாலு மொழி தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். தமிழ், இந்தி, மராத்தி, இங்கிலீஷ் நாலும் எனக்கு வரும். சண்டை போடும் அளவுக்கு நாலும் வரும். எடுத்துக்கொண்டார்கள்.

வேலை என்ன தெரியுமா? எஸ்கலேட்டர் அடியில் நின்று, ஏறப் பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்து ஏற்றிவிடுவது. சிரிக்காதீர்கள். இதற்கு மூன்று நாள் டிரெயினிங். நீலக் கோட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப், கறுப்பு ஷூ. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மஞ்சள் கோட்டுக்கு நடுவில் கால் வைக்கச் சொல்ல வேண்டும். முழங்கைக்குக் கீழே பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. யார் எப்படி ஏறினாலும் சிரிக்கக் கூடாது. கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம்.

எத்தனை விதமாக ஏறுவார்கள் என்கிறீர்கள்! சிலர் ஆற்றில் குதிக்கிற மாதிரி குதிப்பார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரைச் சொல்வார்கள். கன்டோன்மென்ட்டிலிருந்து ஒரு மிலிட்டரிக்காரர் வந்தார். மீசை காது வரைக்கும். மனைவி முன்னால் என் கையைப் பிடிக்க அவருக்கு மனசு வரவில்லை. "நீ முதலில் போ" என்று அந்தம்மாவை ஏற்றிவிட்டார். அந்தம்மா மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். பின்பக்கப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

எங்களுக்கு மேலே குல்கர்னி சாஹேப் என்று ஒரு மேனேஜர். கையில் எப்போதும் வாக்கிடாக்கி. திறப்பதற்கு முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தி ஒன்று சொன்னார். முதல் வாரம் ஸ்டாஃப் வீட்டு ஆட்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. சித்தப்பா, மாமா என்று கூட்டி வந்து கதையடித்தால் கஸ்டமர் எங்கே நிற்பான்? யாராவது சொந்தக்காரர் வந்து நின்றால் அவரோடு நீங்களும் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அம்மாவிடம் இந்த விதியை நான் சொல்லவில்லை. "முதல் வாரம் கூட்டமா இருக்கும்மா, பிறகு வா" என்றேன். அவளிடம் போய் "பிறகு" என்று சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல.

திறந்து பார்க்கிற பெண்பிள்ளை

அம்மா பேர் செண்பகம். எதையும் திறந்து பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வீட்டுக்கு ரேடியோ வந்த மறுநாள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பின்பலகையைக் கழற்றினாள். மாட்டுகிறபோது ஒரு திருகாணி மிச்சம். அந்தத் திருகாணி ரொம்ப நாள் கடுகு டப்பாவில் கிடந்தது. தண்டவாளத்தில் ஆட்கள் வேலை செய்தால் காய்கறிப் பையோடு நின்று பார்ப்பாள். "இத எதுக்கு இங்கன திருகுதீங்க?" என்று அவர்களிடம் தமிழிலேயே கேட்பாள். அவர்களும் மராத்தியில் ஏதோ பதில் சொல்வார்கள். இரண்டு பக்கமும் திருப்தியாகத்தான் பிரிவார்கள்.

அப்படிப்பட்டவள், தானாக ஓடுகிற படி ஊருக்கு வந்திருக்கிறது என்றால் ஒரு வாரம் பொறுப்பாளா?

பஸ் மாறி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடித் தரையில் வெறுங்காலோடு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் பல்.

"ஏளா கோமு!" என்றாள். கோமதி என்கிற என் பேர் அன்று அந்த மால் பூராவும் கேட்டிருக்கும்.

குல்கர்னி சாஹேப் என் பக்கத்திலேயே நின்றார். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு வந்த கடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யே கௌன் ஹை? யார் இது? உன் பாஷைதானே பேசுகிறாள்? தெரிந்தவளா?" என்று கேட்டார்.

"நஹீ சார்," என்றேன். "கஸ்டமர்."

சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, மூன்று நாள் மனப்பாடம் செய்த வரியைச் சொன்னேன். "ஆயியே மேடம். டரியே மத்."

வாங்க மேடம், பயப்படாதீங்க. பெற்ற தாயிடம்!

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் நகர்ந்தது. சாஹேபைப் பார்த்தாள், என் நீலக் கோட்டைப் பார்த்தாள், கடைசியாகத் தன் காலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். பிடித்தேன். ஏறுவதற்கு முன் தன் மார்க்கெட் இந்தியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், யே சீடி ஊபர் ஜாகே கிதர் ஜாதா?"

இத்தனை படி மேலே போகிறதே, போய் எங்கே சேருகிறது, தீர்ந்துவிடாதா என்பது அவள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். எனக்கும் பதில் தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "ஆகே படியே" என்றேன். முன்னால் போங்கள் என்று.

போனாள். மேலே இறங்குகிற இடத்தில் தடுமாறினாள். அங்கே நின்ற பெண் பிடித்துக்கொண்டாள். அதை நான் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் செருப்புகளையெல்லாம் மூட்டை கட்டி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அம்மா இன்னொரு கேட் வழியாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து பார்த்திருக்கிறாள். வாசல் துடைத்துவைத்த மாதிரி இருந்திருக்கும். நல்ல வெயில் காலம் அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா கால் இரண்டையும் ஈரத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "செருப்பு வார் அறுந்துட்டு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். அடுப்பில் சொதி இருந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தேங்காய் திருகி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, அரை நாள் வேலை அது. எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு மட்டும்தான். கூட இஞ்சித் துவையல். "மொத நாள் வேலைக்குப் போயிட்டு வாரியே" என்றாள்.

இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாஹேப் போட்ட விதி, விதி என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விதி இல்லாவிட்டாலும் அன்று நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பளபளக்கிற அந்தத் தரையில் அவள் வெறுங்காலைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை

எட்டே மாதத்தில் என் உத்தியோகம் தேவையில்லாமல் போயிற்று. ஊர் ஏறக் கற்றுக்கொண்டுவிட்டது. என்னை மூன்றாம் மாடியில் இருந்த பெரிய துணிக்கடைக்கு, குழந்தைகள் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அப்போது அந்தக் கடைக்கு நல்ல காலம். சிஞ்ச்வட்டில் கிளை திறந்தார்கள். திறப்புக்கு என்னையும் அனுப்பினார்கள். பேண்டு வாத்தியம், வாசலில் பூ வளைவு. ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்த ஜனம், சொசைட்டி அடுக்குமாடி ஃப்ளாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த ஜனம். அங்கே எத்தனை பேர் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று பார்க்கவே வாசலுக்குப் போனேன். ஒருவர்கூட இல்லை. இறங்குகிற எஸ்கலேட்டரில் பிள்ளைகள் மேலே ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் எப்போது எல்லோரும் தேறினார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய மேப் இருந்தது. புதுக் கிளை திறந்தால் ஒரு சிவப்பு ஊசி குத்துவார்கள். குத்தினார்கள், குத்தினார்கள், மேப்புக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிற்று. பிறகு ஒரு வருஷம் ஒரு ஊசியைப் பிடுங்கினார்கள். அடுத்த வருஷம் மூன்று. கடைசியில் நான் அந்த ஓட்டைகளை வைத்துத்தான் எங்கெங்கே கடை இருந்தது என்று கண்டுபிடிப்பேன்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஒரு மாலுக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்கு முதலில் மூக்குக்குத் தெரியும். பாப்கார்ன் வாசனை குறையும். பிறகு பாத்ரூமில் கை கழுவுகிற சோப்பில் தண்ணீர் கலப்பார்கள். நடு முற்றத்தில் பெட்ஷீட், ஊறுகாய்க் கண்காட்சி வரும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பொம்மை ரயில் கத்திக்கொண்டே சுற்றும். காலியான கடைகளின் முகத்தை மூடிப் பெரிய படம் ஒட்டுவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், விரைவில் வருகிறோம் என்று எழுதியிருக்கும். யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள்? அந்தப் படம் வெளுத்துப்போகும் வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியாக எஸ்கலேட்டரில் ஏறுகிற பக்கம் மட்டும் ஓடும். இறங்குவது உன் பாடு.

அமெரிக்காவில் இருக்கிற என் தம்பியிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். அவன் மறுநாளே ஒரு வீடியோ அனுப்பினான். அவர்கள் ஊர் மால் அது. அவன் அங்கே போன புதிதில் கார் நிறுத்த இடம் கிடைக்காதாம். வீடியோவில் காற்றாடியது. ஃபவுன்டனில் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் செடிகள் மட்டும் பச்சையாக இருந்தன. ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை, சாவி வெட்டுகிற கடை, அவ்வளவுதான் மிச்சம். ஆனால் ஷூ போட்ட வயசானவர்கள் நாலைந்து பேர் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். வெளியே பனி என்பதால் காலையில் உள்ளே நடைப்பயிற்சியாம்.

"ஏன்டா அங்கேயும் இப்படி?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கக்கா. ஹைவே மாறிடுச்சுங்கறான் ஒருத்தன். எல்லாம் போன்ல வாங்கறாங்கன்னு ஒருத்தன். பெரிய கடை ஒண்ணு மூடினதும் மத்ததெல்லாம் போச்சுங்கறா பக்கத்து வீட்டம்மா" என்றான்.

நானும் எங்கள் கஸ்டமர்களிடம் கேட்டுப் பார்த்தேன். கேள்வி கேட்பது எங்கள் குடும்பத்து வியாதி. ஒரு மராத்தி அம்மாள் பட்டென்று சொன்னாள். "நாங்கள் ஏசிக்காகத்தான் வந்தோம். இப்போது வீட்டிலேயே ஏசி இருக்கிறது." எங்கள் பெரிய மேனேஜர்கள் மீட்டிங் போட்டுப் பேசிய எதையும்விட எனக்கு அது சரியாகப் பட்டது.

பீரோவுக்குள் ஒரு ஜோடி

முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எங்கள் மாலிலேயே செருப்பு வாங்கினேன். க்ரீம் கலர், மெத்தென்று ஃபோம் அடி, பக்கத்தில் தங்கக் கலர் பக்கிள். அம்மா பெட்டியைத் திறந்தாள். "நல்லாருக்கு" என்றாள். மூடி பீரோவில் வைத்துவிட்டாள். அதைப் போட்டு நான் பார்க்கவே இல்லை.

வருஷா வருஷம் பீரோ துடைக்கிறபோது அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். "ஒரு நாள் வாம்மா மாலுக்கு" என்பேன். "பாப்போம்" என்பாள். எனக்குக் கல்யாணமாகி விமான் நகருக்கே குடிவந்த பிறகும் அதே "பாப்போம்"தான். கோர்படியிலிருந்து என் வீட்டுக்கு வருவாள், மால் வாசலைத் தாண்டித்தான் வருவாள், ஆட்டோவில் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

மூடுகிற தேதி சொன்ன அன்று எனக்குக் கடையைப் பற்றிய கவலையைவிட இந்தக் கவலைதான் பெரிதாக வந்தது. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். அம்மாவிடம் பேச வேண்டியதை நான் வேறு எந்த இடத்தில் போய்ப் பேசுவது? அந்த எஸ்கலேட்டர் அடியில் நடந்தது, அங்கே நின்றுதான் என்னால் அதைப் பேச முடியும் என்று தோன்றியது. நேரே கோர்படிக்குப் போனேன்.

"மூடப் போறாங்கம்மா. ஒரே ஒரு தடவை வா."

"பாப்போம்."

"இனிமே பாக்க ஒண்ணும் இருக்காது. ஒரு எஸ்கலேட்டரக் கழட்டவே ஆரம்பிச்சுட்டாங்க."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கழட்டுதாங்களா? தரையத் தொறந்தா போட்டிருக்காங்க?"

"ஆமா."

"உள்ள தெரியுதா?"

"தெரியும்."

"வியாழக்கிழம வாரேன்," என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம் நான் கெஞ்சியதற்கு வராதவள், மெக்கானிக் தரையைத் திறந்ததற்கு வருகிறாள்!

வியாழக்கிழமை ஆட்டோவோடு போய் நின்றேன். நல்ல கைத்தறிப் புடவை கட்டி இறங்கி வந்தாள். காலில் அந்த க்ரீம் கலர் செருப்பு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

வியாழக்கிழமை

வாசலில் எங்கள் எல்லோருக்கும் சித்தப்பா மாதிரியான ஷிண்டே காகா நின்றார். திறந்த நாளிலிருந்து இருக்கிற செக்யூரிட்டி. அன்று செருப்புகளை மூட்டை கட்டியவர் அவர்தான். மீசை மட்டும் நரைத்துவிட்டது. "யா மாவ்ஷி, யா", வாங்க சித்தி வாங்க என்று மராத்தியில் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே பத்தடி நடந்திருப்போம். அம்மா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தரையில் அவள் வந்த வழியெல்லாம் க்ரீம் கலர்த் துணுக்குகள். இன்னும் ஒரு அடி வைத்தாள், இடது கால் அடி பாதியாகப் பிட்டுக்கொண்டு விழுந்தது. ஊறிய ரொட்டி மாதிரி. போடாமல் வருஷக்கணக்கில் வைத்தால் ஃபோம் தானாகவே உளுத்துப்போகுமாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

"நல்ல செருப்பு வாங்கித் தந்த போ," என்றாள் அம்மா. வாரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தாள். ஷிண்டே காகா துணுக்குகளைப் பெருக்க ஒரு துடைப்பத்தோடு எங்கள் பின்னாலேயே வந்தார்.

எஸ்கலேட்டர் அடியில் இரும்பு மூடியைத் தூக்கிவைத்திருந்தார்கள். மெக்கானிக் ஒரு சின்ன டப்பாவில் பட்டனை அமுக்கி, படிகளை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். அம்மா தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சங்கிலி, பெரிய பல்சக்கரம், கறுப்பு கிரீஸ். கீழே வந்த படி ஒன்று சக்கரத்தைச் சுற்றித் தலைகீழாகி உள்ளே போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. எதிர்ப்பக்கம் ஓடுகிற எஸ்கலேட்டரைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி குழியைப் பார்த்தாள்.

"அட பாவி," என்றாள். "எங்கயும் போகலியா? அதே படிதான் அடி வழியா சுத்திச் சுத்தி வந்துட்டு இருக்கா?"

"ஆமாம்மா."

"அன்னைக்குக் கேட்டேன், நீ சொல்லல."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனமெல்லாம் காற்றில் போயிற்று. "எனக்கும் தெரியாதும்மா அன்னைக்கு," என்றேன். அப்புறம், "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உன்ன யாருன்னு கேட்டதுக்கே தெரியாதுன்னு சொன்னவதானே நான். தப்பும்மா. பெரிய தப்பு," என்றேன். குரல் உடைந்து மெக்கானிக்கே திரும்பிப் பார்த்தார்.

ஷிண்டே காகா துடைப்பத்தோடு பதறிப்போய், "க்யா ஹுவா தாயி?", என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார். இந்தியில் அவருக்கும் சொன்னேன். இவள் என் அம்மா, திறந்த அன்று வந்தாள், நான் தெரியாது என்றேன், அந்த மூட்டையில் இவள் செருப்பும் போயிற்று என்று.

காகா சிரிக்கவில்லை. "என் பெண்டாட்டி செருப்பும் அதில்தான் போயிற்று தாயி," என்றார். "அவளும் அன்று வந்திருந்தாள். சாஹேப் பக்கத்தில் நின்றாரே, நான் எப்படிச் சொல்வேன்? மூட்டையை நானே கட்டினேன். மூன்று நாள் எனக்கு வீட்டில் சோறு இல்லை."

அம்மாவுக்கு இந்தி இந்த அளவுக்குப் புரியும். சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? அந்தம்மா மூணு நாள் சோறு போடல. நான் அன்னைக்கே சொதி வச்சேன்."

"உனக்குக் கோபமே வரலியாம்மா?"

"வராம? அம்புட்டுத் தேங்காயையும் அந்தக் கோவத்துலதான திருகுனேன். நீ என்னன்னா ரெண்டு தரம் போட்டுத் தின்னுட்டு, உம்முனு போயிப் படுத்துட்ட. இவளா ஒரு நாள் சொல்லுவான்னு இருந்தேன். 'மாலுக்கு வா, மாலுக்கு வா'ன்னே சொல்லிட்டு இருந்த. மாலு யாருக்கு வேணும்?"

அவள் வரவில்லை, அவள் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகினாள். உளுத்த செருப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். "பிடி. உன் கடையக் காட்டு. வெறுங்காலு வழுக்குது."

நாக்கு நுனிவரைக்கும் அந்தப் பழைய இந்தி வரி வந்தது. விழுங்கிவிட்டு, "வாம்மா" என்றேன். ஓடுகிற எஸ்கலேட்டரில் ஏறினோம். மஞ்சள் கோட்டுக்கு நடுவில் சரியாகக் கால் வைத்தாள்.

மூன்றாம் மாடியில் எங்கள் கடை பாதி காலி. புதிதாக வந்த இளம் மேனேஜர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். வெறுங்காலோடு, கையில் பிய்ந்த செருப்போடு வருகிற ஒரு பெரியம்மாவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"கோமதி மேடம், யே கௌன்? கஸ்டமரா?"

"மேரி மா," என்றேன். "என் அம்மா. பேர் செண்பகம்." மாடி பூராவும் கேட்டிருக்கும். பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அம்மா அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்தச் செவப்பு நூலுச் செருப்பாவது மிஞ்சியிருக்கும்லா?"